முன்கூட்டியே இறக்குங்கள், மெதுவாக இறக்குங்கள்

ஏரி அணை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். படகு வைத்திருப்பவர்களுக்கு ஏரி எப்போதும் ததும்பி நிற்க வேண்டும் என்பது உங்கள் எண்ணம். எனக்கும் படகு உண்டு. ஆனாலும் மழைக்காலம் தொடங்கும் முன்பே நீர்மட்டத்தைக் குறைத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நிரம்பிய ஏரியில் வெள்ளத்துக்கு இடமில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி ஏரியின் பரப்பைப் போல 20 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி மட்டும் வந்து சேர்ந்தாலும், வெளியேற்றாவிட்டால் மட்டம் அரை மீட்டர் உயரும். மிகுதி நீர் தானாக வழிந்தோடும் கலங்கல் இருக்கிறதே என்பீர்கள். அதன்மேல் வழியும் நீரின் உயரம் இரட்டிப்பானால் வெளியேற்றம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். அணைக்கு அது நல்லதுதான், கீழே குடியிருப்பவர்களுக்கு அல்ல.

என் உண்மையான மனக்குறை வேகத்தைப் பற்றியது. பருவம் முழுவதும் முழு மட்டத்தில் வைத்திருந்துவிட்டு, புயல் எச்சரிக்கை வந்ததும் மதகை அகலத் திறக்கிறீர்கள். ஏரி இறங்கும் வேகத்துக்குக் கரை மண்ணில் ஊறிய நீர் வடியாது, களிமண்ணாக இருந்தால் இன்னும் தாமதமாகும். வெளியிலிருந்து கரையை அணைத்து நின்ற நீர் போய்விடும். உள்ளே அழுத்தம் அப்படியே நிற்கும். சரிவு பெயர்ந்து விழுவது இதனால்தான். மண் அணையின் நீர்ப்பக்கச் சரிவை வடிவமைக்கும்போது இந்தத் திடீர் இறக்கத்தைத் தனியாகவே கணக்கிடுவார்கள். உங்கள் பொறியாளருக்குத் தெரியாததா இது? படகுத்துறைத் தடுப்புச் சுவர்களுக்கும் அதே கதிதான்.

மீன்கள் ஆழமற்ற கரையோரத்தில் முட்டையிடும் வாரங்களில் மட்டத்தைத் தொடவே கூடாது. ஓரிரு அடி இறங்கினாலே முட்டைகள் வெயிலில் காய்ந்துபோகும்.

களையை ஒழிக்க, குளிர்காலத்தில் ஏரியை இறக்கும் யோசனையும் பேசப்படுகிறது. கடுங்குளிரில் வெளிப்பட்டு உறையும் வேர்கள் சாகும் என்பது உண்மை. களைக்கொல்லியைக் கொட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் சேற்றுக்குள் குளிர்கால உறக்கத்துக்குப் போய்விட்ட ஆமையும் தவளையும், வேகமாக நகர முடியாத மட்டிகளும் சேர்ந்தே சாகும். எனவே அவை ஒடுங்கும் முன்பே இறக்கி முடித்து, அதன்பின் மட்டத்தை அசைக்காமல் வைத்திருங்கள்.

திரும்ப நிரப்பும்போது மதகை அடியோடு மூடிவிடாதீர்கள். கீழே ஓடை உயிரோடிருக்கச் சிறிதளவாவது விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழை பொய்த்தால் ஏரி நிரம்பத் தாமதமாகும். ஆகட்டும். படகுகள் காத்திருக்கும்.

எப்போது இறக்கத் தொடங்குவீர்கள், எந்த மட்டம் வரை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை சென்டிமீட்டர், எப்போது நிரப்புவீர்கள் என்று ஓர் அட்டவணை போட்டு, பருவம் தொடங்கும் முன் படகுத்துறையில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அன்றாட மட்டத்தையும் எழுதுங்கள். அட்டவணையை மீற நேர்ந்தால் காரணத்தை அன்றே சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒரு படகுக்காரன்