உதவியாளர் எண்ணை மட்டும் சொன்னால் போதாது: நிருவாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கும் நிருவாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

காரைக்குடி அலுவலகத்தின் கணக்கு மற்றும் தரவுப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் விளக்கம் கேட்டுச் சென்ற வாரம் அனுப்பப்பட்ட கடிதமே இம்மடலுக்குக் காரணம் என்பதைத் தாங்கள் ஊகித்திருப்பீர்கள். இதை நமது குழு அரட்டைச் செயலியிலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்கக்கூடும். எழுதியிருந்தால், நான் யாரைப் பற்றிக் குறை சொல்கிறேனோ அந்த ஏஐ உதவியாளரே இதை மூன்று வரியில் சுருக்கித் தந்திருக்கும், அந்த மூன்று வரியையே எல்லாரும் படித்திருப்பார்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். தரவுத்தளத்தைக் கேட்டு அந்த உதவியாளர் சொல்கிற ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே, அது எந்த அட்டவணையிலிருந்து, என்ன நிபந்தனையின்பேரில், எத்தனை மணி நிலவரப்படி எடுக்கப்பட்டது என்பதும் அதே இடத்தில் அனைவர் கண்ணிலும் பட வேண்டும். எண்ணுக்குப் பின்னாலுள்ள வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கருவி எழுதிக் கேட்கும் கேள்வியை, மறைத்துவைத்துவிட்டு எண்ணை மட்டும் காட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கண்டனூரில் பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டுக்குத் தளம் மாற்றுவதற்காக வந்த கேள்வியைத் தாங்கள் அறிவீர்கள். ஆவணியில் சாந்திக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், அதற்குள் நாம் வார்க்கும் பூக்கல் (பூவேலைச் சிமெண்டுத் தரைக்கல்) பதித்து முடிய வேண்டும் என்றார்கள். விற்பனைத் தம்பி வழக்கம்போல் கிடங்குக்குப் போன் போடாமல், பொதுக் குழுவில் உதவியாளரிடம் அந்தச் சிவப்பு வடிவம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். சில நொடிகளில் '1,840 கற்கள் இருப்பில் உள்ளன' என்று பச்சைக் குறியோடு பதில் வந்தது. தம்பி முன்பணம் வாங்கி, நாளும் குறித்துக்கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இனிமேல் யாரும் கிடங்கைத் தொந்தரவு செய்ய வேண்டாம், எதுவானாலும் உதவியாளரைக் கேளுங்கள் என்று சுற்றறிக்கை விட்டது நாம்தான்.

அந்த 1,840 கல்லும் தரவுத்தளத்தில் இருந்தது உண்மை. ஆனால் அதில் அனுப்பத் தக்கது 610 மட்டுமே. மற்றவை வார்த்து முடிந்து நீர்த்தொட்டியில் ஊறிக்கொண்டோ, தொட்டியிலிருந்து எடுத்து உலர்ந்துகொண்டோ இருந்தன. நமது இருப்பு அட்டவணையில் 'நிலை' என்றொரு நெடுவரிசை உண்டு. அதில் 1 என்றால் நனைப்பு, 2 என்றால் உலர்வு, 3 என்றால்தான் அனுப்பத் தயார். கிடங்குத் திரை மூன்றாம் நிலையை மட்டுமே காட்டும்படி அமைந்திருப்பதால், அங்கே வேலை செய்கிற யாரும் ஒருபோதும் இதில் குழம்பியதில்லை. உதவியாளரோ கிடங்குத் திரையைப் பார்ப்பதில்லை. அது அட்டவணையை நேராகத் திறந்து, எண்ணிக்கை என்ற நெடுவரிசையை மொத்தமாகக் கூட்டி, கிடைத்ததை ஓர் அழகான வாக்கியத்தில் வைத்துக் கொடுத்துவிட்டது.

அந்த 610 கல்லும் ஒரே வார்ப்பில் வந்தவையல்ல. கண்ணாடியின்மேல் அச்சு வைத்துச் சாயம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்யும் கல்லில், ஒரு வார்ப்பின் சிவப்பும் அடுத்த வார்ப்பின் சிவப்பும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகா. இரண்டையும் ஒரே கூடத்தில் கலந்து பதித்தால் தரை திட்டுத்திட்டாகத் தெரியும் என்பது அக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எந்த நெடுவரிசையிலும் அது எழுதப்படவில்லை. எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்டதும் இல்லை.

அன்று மாலையே அக்கா அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு, 'பாதிக்கு மேல் இன்னும் நனைப்பில் கிடக்கிறது, அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள்' என்று அதே குழுவில் எழுதினார். அதன் பிறகு நடந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. மேலாளர் ஒருவர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. உதவியாளரை மறுபடி கேட்டார். அது மறுபடியும் 1,840 என்றது. ஒரே தவறான வினவலை இரண்டாம் முறை ஓட்டினால் அதே எண்தான் வரும் என்பதை அறிய யாரும் தரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் குழுவில் இருந்தவர்கள் அதை இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகளாக அந்தக் கற்களைக் கையால் தட்டிப் பார்த்து அடுக்கி வருகிற ஒருவருடைய சொல், எல்லார் முன்னிலையிலும் ஒன்றுமில்லாமல் போயிற்று. கடைசியில், சொன்ன நாளுக்கு அனுப்பியாக வேண்டும் என்று அவரையே நெருக்கி, ஊறல் முடியாத கற்களைத் தொட்டியிலிருந்து எடுக்க வைத்து லாரி ஏற்றினோம். கண்டனூரில் இறக்கியபோது முனைகள் உடைந்திருந்தன. உடையாத கற்கள் சிலவற்றில் உப்புப் பூத்திருந்தது. இப்போது 'பதிவேட்டு இருப்புக்கும் நேரடி இருப்புக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு' விளக்கம் கேட்டு அவருக்கே கடிதம் போயிருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். அதைப் படித்துச் சொல்லும்படி அவர் என் மேசைக்கு வந்தார். பதிவேட்டில் எந்த முரண்பாடும் இல்லை என்பதை நான் எழுத்துப்பூர்வமாகவே இங்கே சொல்கிறேன். அவர் பதிந்த ஒவ்வொரு கல்லும் அதற்குரிய நிலையோடு சரியாகப் பதிந்திருக்கிறது. முரண்பாடு கேள்வியில் இருந்தது. அந்தக் கேள்வியை நாம் யாரும் பார்க்கவே முடியவில்லை.

இந்தக் கருவி செயல்படும் விதத்தைச் சற்றே விளக்க அனுமதியுங்கள். நாம் தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்பதை 'மொழி மாதிரி' எனப்படும், எழுத்தைப் படித்து எழுத்தில் பதில் தரும் ஏஐ நிரல் ஒன்று வாங்கிக்கொள்கிறது. அட்டவணைகளின் பெயர்களும் நெடுவரிசைகளின் பெயர்களும் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களை வைத்து நாம் கேட்பது இன்னதாக இருக்கும் என்று ஊகித்து, தரவுத்தளங்களைக் கேட்பதற்கான எஸ்க்யூஎல் மொழியில் ஒரு வினவலை எழுதுகிறது. தரவுத்தளம் அந்த வினவலுக்கு அப்பழுக்கில்லாத விடையைத் தருகிறது. பிறகு அந்த விடையை மாதிரி மறுபடியும் வாக்கியமாக்குகிறது. இந்த வரிசையில் ஊகம் தவறினால் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது. வினவல் இலக்கணப்படி சரி, விடையும் சரி. நாம் கேட்டதற்கு மட்டும் அது விடையாக இருக்காது. வினவல் கண்ணில் படுமானால், 'நிலை = 3' என்ற நிபந்தனை அதில் இல்லை என்பதை எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. இத்தகைய கருவிகளைச் சோதிப்பதற்காக 2023-இல் வெளியிடப்பட்ட 'பேர்ட்' என்ற சோதனைத் தொகுப்பில் 95 தரவுத்தளங்களும் 12,751 கேள்விகளும் இருந்தன. அதில் மனிதர்கள் 92.96 விழுக்காடு சரியாக எழுதியபோது, அன்று முன்னணியில் இருந்த ஜிபிடி-4 மாதிரி 54.89 விழுக்காடுதான் எட்டியது. நெடுவரிசைகளுக்கும் அவற்றிலுள்ள குறியீடுகளுக்கும் என்ன பொருள் என்று துணைக்குறிப்புக் கொடுத்தும் அவ்வளவுதான். குறிப்பு இல்லாதபோது இன்னும் வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பிறகு மாதிரிகள் நிறைய முன்னேறிவிட்டன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் தரவுத்தளத்தில் 1, 2, 3 என்பவற்றுக்கு என்ன பொருள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. எவ்வளவு கெட்டிக்கார மாதிரியானாலும், நம் தொட்டியில் கல் ஊறுகிறதா இல்லையா என்பதை அது எப்படி அறியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரவுத்தளத்தில் நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில் பதிவாகிறது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சிங்கப்பூர் வாடிக்கையாளர் அங்கே காலை எட்டு மணிக்கு முன் கொடுக்கும் ஆர்டர், உதவியாளரின் கணக்கில் முந்தைய நாளில் போய் விழும். 'முதல் காலாண்டு' என்று கேட்டால் அது ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்துக்கொள்கிறது; நமக்கு ஏப்ரலில்தான் கணக்குத் தொடங்கும். மாதாந்திர விற்பனை அறிக்கையைப் பார்த்து இரண்டு கிளைகள் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருப்பதற்கு இவை காரணமாக இருக்கக்கூடும். 'இருக்கக்கூடும்' என்று இழுத்துச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், அந்த எண்கள் எந்த வினவலில் வந்தவை என்பதை எனக்கும் காட்ட மாட்டார்கள்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியிருப்பதுதான் வருத்தம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நகரத்தார், கடல் கடந்த ஊரில் மூன்றாண்டுக் கணக்குக்கு ஆள் வைத்துத் தொழில் நடத்தினார்கள். முதலாளி இங்கே, கடை அங்கே. நடுவில் இருந்தது கணக்கு ஒன்றுதான். ஐந்தொகையில் ஓர் எண் இருந்தால் அது பேரேட்டில் இருக்க வேண்டும், பேரேட்டில் இருந்தால் அன்றன்றைய குறிப்பில் இருக்க வேண்டும். அங்கே கடையைப் பார்த்துக்கொண்ட மேலாள் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் ஏட்டைக் காட்டித்தான் கணக்கு ஒப்படைப்பார். அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த மரபில் வந்த நாம், நம் உதவியாளருக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பெயர் வைத்து, அறிமுக நாளன்று எல்லாருக்கும் சீயமும் கொடுத்துவிட்டு, ஏட்டைக் கேட்கிற உரிமையை மட்டும் எடுத்துவிட்டோம்.

ஏட்டைக் காட்டாத இந்தக் கணக்கப்பிள்ளைக்கு வேறு சில விஷயங்களில் தாராளம் அதிகம். போன மாதம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவர் விளையாட்டாக, நிறுவனத்தில் அதிகச் சம்பளம் யாருக்கு என்று கேட்டதும் பெயரோடு சொல்லிவிட்டது. அந்தப் பதில் விரைவாக நீக்கப்பட்டது. நிருவாகத்தின் அவ்வளவு வேகத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை. ஆனால் வாடிக்கையாளர்களின் கைப்பேசி எண்களும் வீட்டு முகவரிகளும் அதே குழுவில் கேட்டவர்க்கெல்லாம் இன்றும் கிடைக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும் என்பதை நினைவூட்டுகிறேன். கோபத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டதோ என்று தோன்றலாம். இல்லை, இரண்டும் ஒரே குறைதான். யார் எதைக் கேட்டார்கள், கருவி எந்த அட்டவணையைத் தொட்டது என்பது கண்ணுக்குத் தெரிந்திருந்தால், சம்பள அட்டவணை திறந்து கிடப்பதை அந்தப் பையனுக்கு முன்பே நாங்கள் கண்டிருப்போம்.

இதற்குச் செலவு அதிகம் ஆகும் என்று சொல்லப்படுவதாகக் கேள்விப்பட்டேன். நாம் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், படிக்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனர் கணக்கை உருவாக்கச் சில வரிக் கட்டளைகள் போதும். யார் எந்த வரிசைகளைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இப்போது உதவியாளரிடம் இருப்பதோ, எழுதவும் அழிக்கவும் முடிகிற நிருவாகி கணக்கு. 2025 ஜூலையில், நிரல் எழுத உதவும் ரெப்லிட் தளத்தின் ஏஐ முகவர், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், ஒரு பயனரின் நடப்புத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டதும், அதற்கு அந்நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதும் உலகறிந்த செய்தி. நம்முடையது அழிந்தால் மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லை. விளக்கக் கடிதம்தான் யாருக்காவது போகும்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். உதவியாளரை நீக்கச் சொல்லவில்லை. அது வந்த பிறகு எங்கள் பிரிவுக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்த சில்லறைக் கேள்விகள் குறைந்தன, அதற்கு நன்றியும் உடையேன். அது சொல்லும் எண்ணோடு வினவலும் அட்டவணைப் பெயரும் நேரமும் சேர்ந்தே வரட்டும். வினவலைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, 'நனைப்பில் உள்ளவையும் சேர்த்துக் கூட்டப்பட்டது' என்பது போல் எளிய தமிழில் ஒரு வரி கீழே இருக்கட்டும். இருப்பு பற்றிய பதிலை வைத்து வாடிக்கையாளருக்கு நாள் குறிப்பதற்கு முன், கிடங்குப் பொறுப்பாளர் அதே குழுவில் 'சரி' என்று போட வேண்டும் என்ற விதி வரட்டும். நெடுவரிசைகளின் பொருளை எழுதிக் கொடுக்க நான் அக்காவோடு உட்காரத் தயார். வார்ப்பு எண் உட்பட அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். அந்த நேரத்துக்கு அவருக்கு மாற்றாள் ஒருவரைக் கிடங்கில் நிறுத்திக் கொடுத்தால் போதும்.

அவருக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். பெறுகிற செய்தியைக் கேள்வி கேட்கப்பட்ட அதே பொதுக் குழுவில், தமிழில், நிருவாகத்தின் பெயரால் பதியுங்கள். உடைந்த கற்களுக்கான தொகையை நனைப்புத் தொட்டி ஆட்களின் கூலியில் பிடிப்பதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. அது உண்மையானால், இந்த வாரக் கூலிப் பட்டியல் கையெழுத்துக்கு வருவதற்கு முன்பே அதையும் நிறுத்திவைக்க வேண்டுகிறேன். பட்டியல் வெள்ளிக்கிழமை காலை என் மேசைக்கு வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கு மற்றும் தரவுப் பிரிவு ஊழியர்,
காரைக்குடி