எண்ணெய் இறுகட்டும், பிறகு பாலிஷ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கையெழுத்தும் பழையபடி வரிசைக்கு வந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு ஓர் எழுதுமேசை செய்திருக்கிறேன். இழுப்பறைகள்கூட மாட்டியாயிற்று, எண்ணெய்ப் பூச்சு இறுகட்டும் என்று பட்டறையிலேயே நிறுத்தியிருக்கிறேன். அவள் தினமும் வந்து "இன்னுமா தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

நீயும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டிருக்கிறாய். லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், மூன்று கோட் கொடுத்து ஒரு வாரமாகியும் மேசைப் பலகை அங்கங்கே பிசுபிசுக்கிறது, துணிச் சக்கரம் சுழலும் பஃபிங் மெஷின் போட்டால் பளபளப்பு வந்துவிடுமா என்று. தயவுசெய்து இப்போது மெஷினை எடுக்காதே. சக்கரம் உரசுகிற சூட்டில் அரைகுறையாக இறுகிய எண்ணெய் இளகி, இழுபட்டு, கோடுகோடாகப் படிந்துவிடும். துணியின் நாரும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிறது. அப்படி இறுகும்போது அதன் எடை கூடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பூச்சு தடித்துவிட்டால், பாலில் ஏடு படிவதுபோல மேற்பரப்பு மட்டும் முதலில் இறுகும். அடியில் மாட்டிக்கொண்ட எண்ணெய்க்குக் காற்று எட்டாது. உன் மேசையில் நடந்திருப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

எண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மரம் குடித்ததுபோக மீதியை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைத்தபிறகும் அன்று முழுக்க அவ்வப்போது போய்ப் பார்ப்பது என் வழக்கம். துளை பெரிதாக உள்ள மரங்கள் குடித்த எண்ணெயைத் திரும்ப வெளியே விடும். பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் குண்டூசித் தலையளவில் மினுமினுவென்று நிற்கும். அப்போதே துடைத்தால் போய்விடும்; விட்டால் புள்ளிபுள்ளியாக இறுகி, பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

உன் மேசையைக் காப்பாற்றுவது கஷ்டமில்லை. துணியை டர்பென்டைனில் நனைத்து, பிசுபிசுக்கிற இடத்தை ரேகை ஓடும் திசையிலேயே அழுத்தித் துடை. அதற்கும் அசையாவிட்டால் மெல்லிய ஸ்டீல் உல்லை (இரும்பு நார்ப் பஞ்சு) அதே டர்பென்டைனில் தொட்டுத் தேய். அப்புறம் காற்றோட்டமான இடத்தில் விட்டுவிடு. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார். பாயில்டு லின்சீட் என்றால் சீக்கிரம் இறுக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். மெல்லிய கோட் ஒன்றிரண்டு நாளில் தொட்டால் ஒட்டாது. எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய் என்றால் வாரக்கணக்கில் ஆகும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் இழுக்கும்.

கைக்கு ஒட்டவில்லை என்பதால் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. பாயில்டு எண்ணெயாக இருந்தாலும் உள்வரை இறுக ஏறக்குறைய ஒரு மாதம் விடுவது நல்லது. நான் நம்புவது 600 நம்பர் உப்புத்தாளைத்தான். கண்ணில் படாத ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பார். வெளிறிய தூள் பொடியாக உதிர்ந்தால் தயார். தாளில் சின்னச் சின்னப் பிசின் உருண்டைகளாக அடைத்துக்கொண்டால் இன்னும் காத்திரு. மூக்கை வைத்துப் பார்த்தால் எண்ணெய் வாடையும் அநேகமாக அடங்கியிருக்கும்.

தயாரானபிறகு 0000 என்ற மிக மெல்லிய ரக ஸ்டீல் உல்லில் கொஞ்சம் மெழுகு தொட்டு, நீள வாக்கில் தேய்த்து, சற்று நேரம் விட்டுச் சுத்தமான பருத்தித் துணியால் துடை. அந்த அடக்கமான மினுமினுப்புக்கு மெஷினே வேண்டாம், கையே போதும். கண்ணாடி மாதிரி பளபளப்புதான் வேண்டுமென்றால் எண்ணெய் தராது. அதற்கு வார்னிஷ் அல்லது ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) பக்கம் போக வேண்டும். எனக்கு அந்தப் பளபளப்பில் ஆசையில்லை. கை வைத்தால் மரம் மரமாகத் தெரிய வேண்டும். ஓக் மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரமாக இருந்தால் மட்டும் ஸ்டீல் உல் வேண்டாம், நைலான் பேட் எடுத்துக்கொள். துளையில் தங்கும் இரும்புத் துணுக்கில் ஈரம் பட்டால் கறுப்புப் புள்ளி விழும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதே. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதே. எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீப்பெட்டியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றாக விரித்து வெளியில் தனித்தனியாகக் காயப் போடு. இல்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் முக்கி வை. பழைய துணி ஏதாவது பட்டறையில் கிடக்கிறதா என்று இந்தக் கடிதத்தை வைத்ததும் போய்ப் பார்த்துவிடு.

சரி, என்ன மரம் என்று நீ எழுதவே இல்லையே? தேக்கோ ஈட்டியோ என்றால் மரத்தின் சொந்த எண்ணெயே பூச்சை இறுகவிடாமல் இழுத்தடிக்கும். அப்படியானால் அடுத்த கோட்டுக்கு முன் அசிட்டோனில் ஒருமுறை துடைத்து, அது ஆவியானதும் எண்ணெய் பூச வேண்டும். பதிலில் மரத்தின் பெயரையும் டப்பாவில் இருப்பதையும் எழுது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு முடிகிறவரை உப்புத்தாள் தூசி பக்கம் போகாதே.

அன்புடன்,
உன் நண்பன்