ஐஸ்கிரீம் மேல் இறுகும் சாக்லேட்டுக்குத் தேங்காய் எண்ணெய்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பிதழின் சமையல் பக்கத்தில், ஐஸ்கிரீம் மேல் ஊற்றியதும் ஓடு போல இறுகும் சாக்லேட் செய்யும் முறை வெளியாகியிருந்தது. உருக்கிய சாக்லேட்டில் "வாசனையில்லாத ஏதேனும் ஒரு சமையல் எண்ணெய்" சேர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தும்படி கேட்டே இதை எழுதுகிறேன்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு அதைச் செய்தேன். தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பில் கண்டபடி வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெயைத்தான் சேர்த்திருந்தேன். கிண்ணங்களில் ஊற்றிவிட்டு, அரை நிமிடம் பொறுங்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தட்டியபோது கரண்டி களிம்பில் இறங்குவது போல இறங்கியது. "ஆச்சி, இது உடையவில்லையே" என்று பேத்தி கேட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், எனக்குத்தான் அன்று இரவு மனம் ஆறவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலில் செக்கு ஓடிய வீட்டில் பிறந்தவள். மார்கழி விடியலில் குளித்துவிட்டு வந்தால் தேங்காய் எண்ணெய்க் குப்பி வெள்ளையாக உறைந்து நிற்கும். அம்மா அதை அடுப்படியில் கொண்டு வைப்பார், அல்லது வெயில் வரட்டும் என்பார். வெயில் ஏறியதும் தண்ணீராக ஓடும். அடுத்த அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெய் எந்தக் குளிரிலும் அப்படி உறைந்ததில்லை. சின்ன வயதில் நாள்தோறும் கண்ணால் கண்ட இந்த வேறுபாடு, சாக்லேட் விஷயத்தில் எனக்கு முதலிலேயே தோன்றாமல் போனதே என்று வருந்தினேன்.

தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில். அதற்கு மேல் தெளிந்த எண்ணெய், கீழே போனால் கட்டி. நடுவில் இழுத்தடிக்கும் நிலை மிகக் குறைவு. சூரியகாந்தி எண்ணெயோ பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரி அளவில்தான் உறையும். கிண்ணத்தில் பரிமாறிய ஐஸ்கிரீமின் குளிர் அதற்குப் போதாது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அதிலும் பாதியளவு லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது சட்டென்று உறைவதற்குக் காரணமே இதுதான். ஆகையால் இது தினமும் தின்னும் பண்டம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எண்ணெயே இல்லாமல் வெறும் சாக்லேட்டை உருக்கி ஊற்றினால் என்ன என்று என் மருமகள் கேட்டாள். அதையும் செய்து பார்த்தோம். சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கோகோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி அளவில். அந்தச் சூட்டில் ஊற்றும்போது ஐஸ்கிரீம் கரைகிறது, இறுகியபின் சாக்லேட் பல்லுக்கு அடங்காத கட்டியாகிறது. தேங்காய் எண்ணெய் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று இளக்கி, நம் ஊர் வெப்பத்தில் ஊற்றும் பதத்தில் நிற்கின்றன. குளிர் பட்டதும் மெல்லிய ஓடாகின்றன.

இப்போது நான் செய்யும் அளவு இது: 100 கிராம் கருப்புச் சாக்லேட்டுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது சுமார் 20 கிராம் தேங்காய் எண்ணெய். ஒரு சிட்டிகை உப்பு. கொதித்து இறக்கிய வெந்நீர் மேல் கிண்ணத்தை வைத்து, கிளறிக்கொண்டே உருக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். ஐஸ்கிரீம் கல் போல இறுகியிருக்க வேண்டும். இளகி மேலே நீர் கோத்திருந்தால் ஓடு ஒட்டாமல் நழுவும். செக்கெண்ணெய் தேங்காய் மணத்தோடு வரும். எனக்கு அதுதான் பிடிக்கும். மணம் வேண்டாம் என்பவர்கள் சுத்திகரித்த தேங்காய் எண்ணெயை வாங்கிக்கொள்ளலாம், உறைவதில் இரண்டுக்கும் குறைவில்லை.

கடைகளில் "காம்பவுண்ட்" என்று விற்கும் கட்டிகளில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். இறுகுவது இறுகும், வாயில் மெழுகாக நிற்கும். உறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

தண்ணீரைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. உருகிய சாக்லேட்டில் சில சொட்டு நீர் விழுந்தாலும் அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, களி போலக் கட்டி தட்டிவிடும். மருமகள் ஆசையாகக் கருப்பட்டிப் பாகு ஒரு கரண்டி விட்டாள். அந்த நொடியே திரண்டுவிட்டது. பாகிலும் நீர்தானே இருக்கிறது. அவள் முகம் வாடியதைப் பார்த்து, "பயப்படாதே மக்களே" என்று சூடான பால் ஊற்றிக் கிளறினேன், வழவழப்பான சாக்லேட் குழம்பாயிற்று. இறுகாது, ஆனால் வீணாகவும் இல்லை. கருப்பட்டி வேண்டுமானால் நன்றாகக் காய்ந்ததைப் பொடித்துச் சலித்து ஓட்டின் மேலே தூவுங்கள், ஓடு இறுகும் முன்பே தூவ வேண்டும்.

மட்டிப்பழத்தை நீளவாக்கில் வெட்டி, குச்சி செருகி, உறைபெட்டியில் ஓர் இரவு வைத்து, இந்தச் சாக்லேட்டில் முக்கி எடுத்தேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மாவட்டத்து வாழைப்பழம் அது. அதன் மேல் வறுத்த அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பைத் தூவினால், பிள்ளைகள் ஐஸ்கிரீமைக்கூடக் கேட்பதில்லை.

ஆசிரியர் அவர்களே, இன்னொன்றும் என் மனத்தில் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளின் சமையல் பக்கங்களில் தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் தலைக்குத் தேய்ப்பதாகவே வருகிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த எங்கள் மாவட்டத்தில் அவியலுக்கும் மீன்குழம்புக்கும் நேந்திரங்காய் வறுவலுக்கும் அதுதான் எண்ணெய். அதன் மணத்தை மறைக்க வேண்டிய குறையாக எழுதும்போது எங்களுக்கு வலிக்கிறது. அதிலும் இந்தப் பண்டத்தை இறுக வைக்கும் பொருளே அதுதான். அதன் பெயரை விட்டுவிட்டு எழுதியதால், என்னைப் போல எத்தனை வீடுகளில் பிள்ளைகள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஏமாந்தார்களோ.

மீதமான சாக்லேட்டை மூடிய குப்பியில், ஈரக் கரண்டி படாமல், சமையலறை அலமாரியிலேயே இரண்டு வாரம் வைத்திருக்கிறேன். குளிர்பெட்டியில் வைத்தால் கட்டியாகிவிடும், பிறகு வெந்நீரில் நிறுத்த வேண்டியிருக்கும். இதையும் சேர்த்துப் போடுங்கள். பள்ளி விடுமுறை தொடங்குமுன், "ஏதேனும் ஒரு சமையல் எண்ணெய்" என்ற இடத்தில் "தேங்காய் எண்ணெய்" என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகி,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.