பழைய எண், புதிய திருத்தம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

சரி, கல்லூரி சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். தணிக்கைக்கு வந்தவர்கள் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரை ஓட்டிவிட்டு, 'ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.4 பழையது, 9.8-க்கு ஏற்றவும்' என்று சிவப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் அந்தப் புரோகிராமின் 9.8 பதிப்பு, உன் சர்வரின் இயங்குதளமான டெபியன் 11-ல் கிடைக்காது, அதனால் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி நீயே கம்பைல் செய்து கட்டப்போகிறாய். இதைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அதை மட்டும் செய்யாதே.

அந்த 9.8 எப்படி வந்தது தெரியுமா? 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தது. 2006-ல் ஒருமுறை அடைத்த ஓட்டைதான் அது. 2020-ல் செய்த ஒரு மாற்றத்தில் மறுபடி திறந்துகொண்டது. 8.5-லிருந்து 9.7 வரை அது இருந்தது, 9.8-ல் அடைத்தார்கள். உன்னிடம் இருப்பது 8.4. அந்த ஓட்டை உன் சர்வரில் இருந்ததே இல்லை!

டெபியன் 12-ல் இருந்த 9.2-க்கு அந்த ஓட்டை உண்டு. அறிவிப்பு வந்த அன்றே திருத்திய பேக்கேஜும் வந்துவிட்டது. ஆனால் எண் 9.8 ஆகவில்லை. அதே 9.2, வாலில் மட்டும் 'டெப்12யூ3' என்று இருந்தது. திருத்தத்துக்கான சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவதுதான் டெபியனின் முறை. ரெட்ஹேட், உபுண்டு போன்ற மற்ற லினக்ஸ்களிலும் பெரும்பாலும் இப்படித்தான். கான்ஃபிக் ஃபைல் மாறாது, நேற்று ஓடிய புரோகிராம் இன்றும் அப்படியே ஓடும். அந்த நம்பிக்கையில்தான் ராத்திரியில் யாரும் பார்க்காதபோதுகூட அப்டேட் தானாக ஏற விடுகிறோம். பல ஸ்கேனர்கள் முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் படித்துவிட்டு வாலை விட்டுவிடுகின்றன. தணிக்கைக்காரர்களிடம் சண்டை வேண்டாம். அவர்கள் குறித்திருக்கும் ஒவ்வொரு சிவிஇ எண்ணையும் (ஓட்டைக்குத் தரப்படும் அடையாள எண்) டெபியனின் செக்யூரிட்டி டிராக்கர் தளத்தில் போட்டுப் பார். எந்தப் பேக்கேஜில் திருத்தம் வந்தது, எது பாதிக்கப்படவே இல்லை என்று தெளிவாக இருக்கும். அதை அச்செடுத்துக் கொடு. நியாயமானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

கம்பைல் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் எல்லா சர்வரையும் ஒரே மாலையில் டெபியனின் அப்டேட் கருவியான ஆப்ட் மூலம் சரிசெய்துவிட்டோம். ஒன்று மட்டும் அடங்கவில்லை. முன்பு இருந்த ஒருவர் அதில் என்ஜினெக்ஸ் வெப் சர்வரைக் கையால் கம்பைல் செய்து, ஓபன்எஸ்எஸ்எல்லையும் அதற்குள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தார். சிஸ்டத்தில் இருந்த ஓபன்எஸ்எஸ்எல் திருத்தப்பட்டும், வெளியே பதில் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பழைய பிரதிதான். எந்த ஆப்ஷன்களோடு கட்டினார் என்று யாருக்கும் தெரியாது, அவரும் வேலையை விட்டுப் போயிருந்தார். கம்பைல் செய்வது ஒரு மணி நேர வேலை. அதற்கு வரும் ஒவ்வொரு ஓட்டையையும் கவனித்துத் திரும்பக் கட்டுவது, சர்வர் இருக்கும்வரை உன் தலையில். நீ லீவு போட்டாலும் மாற்றலாகிப் போனாலும் அந்த வேலை போகாது.

புதியது என்றாலே பத்திரம் என்றும் நினைக்காதே. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டியவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். டெபியனின் சோதனைக் கிளைகள்வரை அது வந்துவிட்டது. ஸ்டேபிள் எனும் நிலையான வெளியீட்டில் இருந்தது 5.4.1, அதனால் அங்கே நுழையவில்லை.

ஆகவே ஒவ்வொரு மென்பொருளையும் பார்த்து நான் கேட்பது ஒன்றுதான்: இதற்கு ஓட்டை வந்தால் திருத்தம் யார் அனுப்புவார், எதுவரை அனுப்புவார்? பெயரும் தேதியும் சொல்ல முடிந்தால் எண் எவ்வளவு பழசாக இருந்தாலும் இருக்கட்டும்.

அப்படிக் கேட்டால் உன் சர்வரில் கவலைப்பட வேண்டியது வேறு. டெபியன் 11-ஐ செக்யூரிட்டி குழு 2024 ஆகஸ்டிலேயே கைமாற்றிவிட்டது. இப்போது நீண்டகால ஆதரவு தரும் எல்டிஎஸ் குழுதான் பார்த்துக்கொள்கிறது, அதுவும் 2026 ஆகஸ்ட் 31-ஓடு முடிகிறது. அப்புறம் மூடுல், அந்த ஆன்லைன் வகுப்பு மென்பொருள். நீ ஏற்ற நினைக்கும் 4.5-க்கு, அது எழுதப்பட்ட மொழியான பிஹெச்பி குறைந்தது 8.1 வேண்டும். டெபியன் 11-ல் இருப்பது 7.4. பழைய பதிப்பு நிஜமாகவே வழியை மறிப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

ஒன்ட்ரேய் சூரியின் ரெப்போவிலிருந்து (பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து) பிஹெச்பியை மட்டும் புதிதாக எடுக்கலாம். டெபியனுக்கே பிஹெச்பி பேக்கேஜ் செய்கிறவர் அவர், நம்பலாம். போஸ்ட்கிரெஸுக்கும் அந்தத் திட்டத்தின் சொந்த ரெப்போ இருக்கிறது. தேவை என்றால் தயங்காமல் எடு, ஆனால் ஒன்றிரண்டோடு நிறுத்து. ரெப்போக்கள் கூடக்கூட, அடுத்த பெரிய அப்கிரேடு அன்று எது எதை இழுக்கிறது என்றே புரியாது.

உன் நிலைமையில் அதுகூடத் தேவையில்லை. டெபியன் 12-க்கு ஏறிவிடு. பிஹெச்பி 8.2, மரியாடிபி டேட்டாபேஸ் 10.11 இரண்டும் அதிலேயே வருகின்றன, மூடுல் 4.5-க்குப் போதும். எல்டிஎஸ் 2028 ஜூன் வரை. ஆசைப்பட்டு உடனே 13-க்குப் போகாதே. அதில் பிஹெச்பி 8.4, மூடுல் 4.5 ஏற்பது 8.3 வரைதான். எப்படியும் 11-லிருந்து நேராக 13-க்குத் தாவக் கூடாது, 12 வழியாகத்தான் போக வேண்டும்.

மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரில் போட்டுவிட்டால் தொல்லை தீருமா என்று கேட்டிருந்தாய். போஸ்ட்கிரெஸ், என்ஜினெக்ஸ் இமேஜ்களுக்குள்ளும் பெரும்பாலும் டெபியன்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த இமேஜை அடிக்கடி புதிதாக இழுத்துக் கன்டெய்னரைத் திரும்ப எழுப்பாவிட்டால், உள்ளே இருப்பது பழசாகிக்கொண்டே போகும்.

இன்னொன்று, நீட்ரீஸ்டார்ட் பேக்கேஜைப் போட்டு வை. லைப்ரரி டிஸ்கில் மாறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழைய பிரதியையே மெமரியில் வைத்திருக்கும். எதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

மே மாதம் மாணவர்கள் ஊருக்குப் போனதும் ஒரு சனி, ஞாயிறு அங்கே வருகிறேன். முதலில் டேட்டாபேஸ் பேக்கப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்ப்போம், அது சரியாக வந்தால்தான் அப்கிரேடு. அதற்குள் ஆப்ட் சோர்சஸில் வேறு என்னென்ன ரெப்போ சேர்ந்திருக்கிறது, ரூட் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் மிச்சம், இரண்டையும் பார்த்து எழுது. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி