பிரமிடைக் கட்டியது கொத்தனார் என்று எழுதியவனுக்கு மார்க் உண்டா?

பள்ளிப் பாடநூல்களில் உலக வரலாறு எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். புக் பேக் பாணிக் கேள்விதான்: கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டியவர் யார்? கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ‘கொத்தனார்’ என்று எழுதியிருந்தான். தாஜ்மகாலை வைத்து நம் அப்பா காலத்திலிருந்து ஓடும் அதே கடி ஜோக். சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போதுதான் உறுத்தியது. அவன் எழுதியதில் என்ன தப்பு? விடைக்குறிப்பில் இருக்கும் குஃபு மன்னர் ஒரு கல்லையாவது தொட்டுத் தூக்கியிருப்பாரா?

கொத்தனார்களைப் பற்றி ஒன்றும் தெரியாததால்தான் அரசர் பெயரை எழுதுகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் தெரியுமே! 2013-இல் எகிப்தின் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுருள்கள் (ஒருவகைக் கோரைத் தண்டில் செய்த பழங்காலத் தாள்) கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை அவைதான். அதில் மேரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. நம்மூர் பேச்சில் சொன்னால் ஒரு மேஸ்திரி. சுமார் 40 ஆட்களோடு துரா குவாரியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி, நைல் வழியாகக் கிசாவுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. ‘இன்று மேரர் தன் குழுவோடு துராவில் கல் இழுத்தார், இரவு துராவிலேயே தங்கினார்’ என்கிற மாதிரி நாள் நாளாகக் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். லாரி டிரைவர் வைத்திருக்கும் டிரிப் ஷீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது. 4,500 ஆண்டுப் பழைய டிரிப் ஷீட், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய பிரமிடின் வேலை நடந்துகொண்டிருந்தபோதே அதில் வேலை பார்த்த குழு எழுதி வைத்தது.

இது கிடைத்துப் பத்தாண்டுக்கு மேலாகிறது. என் மேசையில் இருக்கும் புத்தகத்தில் மேரர் இல்லை. குஃபு இருக்கிறார், பிரமிடின் உயரம் இருக்கிறது, ‘எகிப்தியரின் கொடைகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், எழுதுகிறார்கள், மறக்கிறார்கள்.

தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு படத்தைக் காட்டினேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக் கல் சில்லு. இரண்டாம் ராம்செஸ் ஆட்சியின் 40-ஆம் ஆண்டு. குஃபு காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தையது. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் டேய்ர் எல்-மெதினா என்ற குடியிருப்பில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வருகைப் பதிவேடு அது. 40 பெயர்கள். வராத நாட்கள் கறுப்பு மையில், காரணம் அதன் மேலே சிவப்பு மையில். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண்ணில் கோளாறு. ஒருவர் தாயின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டார். சிலர் பீர் காய்ச்சப் போனார்கள், அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பு அன்று இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். என் மேசையில் எங்கள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் இருந்தது. ஒரு மாணவி எழுந்து, “சார், எங்க பாட்டி செத்ததுக்கு நான் லீவு போட்டதும் அதுல இருக்குமா?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அப்புறம் கேள்விகள் நிற்கவே இல்லை. காகிதத்துக்குப் பதில் ஏன் கல்? பாப்பிரஸ் விலை கூடவா? யார் எழுதியது? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ‘கொடைகள்’ பாடம் நடத்தும்போது ஒரு வருடமும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

அதே குடியிருப்பில் இன்னொரு சம்பவம், மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கில். கூலி தானியமாகத்தான் வரும். ரொட்டிக்குக் கோதுமை, பீருக்கு பார்லி. அது வரவில்லை. “பசிக்கிறது, 18 நாள் ஆகிவிட்டது” என்று சொல்லி, கருவிகளைக் கீழே போட்டுவிட்டுக் காவல் சாவடிகளைத் தாண்டிப் போய் ஒரு கோயிலின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்கும் அமைச்சருக்கும் தகவல் அனுப்புங்கள் என்றார்கள். இதை எழுதிய பாப்பிரஸ் இத்தாலியின் தூரின் நகர மியூசியத்தில் இருக்கிறது. எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் இதுதான் முதலாவது என்கிறார்கள். (வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்து சம்பளம் பிடிக்கப்பட்ட ஆசிரியன் இதை நடத்தும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது தனிப் பிரச்சினை.)

இடைக்காலப் பாடத்துக்கு வந்தால் அங்கேயும் ஒரு பிரமிடு! நிலமானிய முறை என்று முக்கோணப் படம்: உச்சியில் அரசர், நடுவில் பிரபுக்கள், அடியில் பண்ணையடிமைகள். அப்புறம் சிலுவைப்போர், 1453-இல் துருக்கியரிடம் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தின் வீழ்ச்சி, பாடம் முடிந்தது. ஐரோப்பாவின் ஆயிரம் ஆண்டில் ஒரு குழந்தைகூட இல்லை.

ஓன்ஃபிம் என்று ஒருவன் இருந்தான். ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரில், 13-ஆம் நூற்றாண்டில். ஆறேழு வயது இருக்கும் என்று கணிக்கிறார்கள். அந்த ஊரில் பூர்ச்ச மரப்பட்டையில் கூர்முனையால் கீறி எழுதுவார்கள். பனையோலையும் எழுத்தாணியும் தெரிந்த நமக்கு விளக்கவே வேண்டாம். அங்கே மண் ஈரமும் களிமண்ணுமாக இருப்பதால் பட்டை மட்காமல் கிடந்தது. எகிப்தில் வறட்சி காப்பாற்றியதை இங்கே சேறு காப்பாற்றியது. 1956-இல் ஓன்ஃபிமின் பட்டைகள் கிடைத்தன. ஒன்றில் அரிச்சுவடியை ஆரம்பித்திருக்கிறான். சில எழுத்துகளோடு அலுத்துவிட்டது போல. மீதி இடத்தில் குதிரைமேல் ஒரு வீரன், கீழே விழுந்து கிடக்கும் எதிரி, வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயர். இன்னொன்றில் வாலைச் சுருட்டிய ஒரு பிராணியை வரைந்து ‘நான் காட்டு விலங்கு’ என்று எழுதியிருக்கிறான். நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இவன் யாரென்று தெரியும்.

பக்கம் கூடும், பாடச்சுமை என்று சொல்வீர்கள். சரி, கூட்டவே வேண்டாம். ‘கொடைகள்’ பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேரரை வையுங்கள். நிலமானிய முக்கோணத்தைப் பாதியாகச் சுருக்குங்கள். ஆண்டுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1453 தெரியாமல் பத்தாம் வகுப்புக்குப் போகக் கூடாது. ஒரு பாடத்துக்கு ஒரு சான்று போதும். அது எங்கே கிடைத்தது, எப்படித் தப்பிப் பிழைத்தது, யார் எழுதியது என்று நாலு வரி. முக்கியமாக, கேள்வியை மாற்றுங்கள். புக் பேக்கில் இல்லாததை நாங்கள் நடத்தினாலும் பிள்ளைகள் “இது எக்ஸாமுக்கு வருமா சார்?” என்றுதான் கேட்பார்கள். ‘கட்டியவர் யார்?’ என்பதை ‘கட்டுவித்தவர் யார்?’ என்று திருத்தினால்கூட ஒரு ‘வி’யில் பாதி வேலை முடிந்துவிடும். ராஜராஜனே தஞ்சைக் கோயில் கல்வெட்டில் பெருந்தச்சனின் பெயரையும் நாவிதரின் பெயரையும் வெட்ட இடம் கொடுத்திருக்கிறார். நம் புத்தகத்தில் இடமில்லை என்றால் எப்படி?

அந்தப் பையனுக்கு மார்க் போட்டுவிட்டேன். விடைக்குறிப்புக்கு எதிரானதுதான், தெரிந்தேதான் போட்டேன்.

ஓன்ஃபிமின் குதிரை வீரனுக்கு அடுத்த பதிப்பில் கால் பக்கம் கொடுங்கள். அவன் வரைந்த ஆட்களுக்குக் கைவிரல் எண்ணிக்கை கன்னாபின்னாவென்று இருக்கும். உங்கள் ஓவியர் அதை ஐந்தாக்கித் திருத்திவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்தும் ஓர் ஆசிரியர்