கயலுக்குக் கொடுக்க வேண்டிய நோட்டு

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்வம்,

கயல் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவிடம் கொடுத்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் அவள் வாசித்த முதல் கடிதம் அதுதான்.

"வாரத்துக்கு 16 மணி நேரம்தானே வகுப்பு, மீதி நேரம் என்ன செய்வாள்?" என்று கேட்டிருந்தாய். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் அந்த 16 இருக்கிறது. வேலை நேரம் வாரத்துக்கு 40 மணிக்குக் குறையக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பாடம் தயாரிக்கணும், கேள்வித்தாள் எடுக்கணும், பேப்பர் திருத்தணும், ஆய்வு மாணவரின் ஒரே அத்தியாயத்தை மூன்றாம் தடவை படிக்கணும், கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வருகிறதென்றால் ஃபைல்களோடு ராத்திரி வரை உட்காரணும். விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விடப் பார்க்கிறவனைப் பிடித்து நிறுத்துவது எந்தக் கணக்கிலும் வராது. அதையும் அவள்தான் செய்யணும்.

இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். எனக்குப் பழக வெகுநாள் ஆனது வேறொன்று: தப்பான விடையை வாசிப்பது.

மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் மீது என்ன விசை என்று ஒரு தேர்வில் கேட்டேன். தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பெண், அவள் வீட்டில் முதல் பட்டதாரி, 'சுழி' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டேன். பிறகு லேபில் கேட்டாள்: "அந்த இடத்துல பந்து நிக்குதே சார், விசை இருந்தா எப்படி நிக்கும்?" சமன்பாடுகளை எல்லாம் சரியாகப் போடுகிறவள் அவள். மறுநாள் வகுப்பில் கேட்டால் பாதிக்கு மேல் அதே விடை. உச்சியிலும் புவியீர்ப்பு பந்தைக் கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது; ஆனால் திசைவேகம் சுழியானால் விசையும் சுழி என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். நான் அவர்களுக்கு எதைத்தான் நடத்தியிருந்தேன்?

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூருக்கும் 1990 வாக்கில் இதுதான் நடந்தது. நியூட்டன் விதிகளைப் பற்றி எளிய கேள்விகள் கொடுத்தபோது, "நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். அதன் பிறகு மசூர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றினார். ஒரு கேள்வி, ஆளாளுக்குத் தனி விடை, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடியும் விடை. நானும் விடைக்கு ஒரு வண்ணமாகத் தூக்கிக் காட்ட நான்கு வண்ண அட்டைகளைக் கொடுத்து 60 பேரை வைத்துச் செய்து பார்த்தேன். சந்தை மாதிரி சத்தம். ஆனால் நேற்றுப் புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தான் எங்கே தடுமாறினோம் என்பது இன்னும் நினைவிருக்கிறது. 30 வருடம் நடத்திய எனக்கு அது மறந்துபோய்விட்டது, செல்வம்.

அன்றிலிருந்து பிள்ளைகள் எழுதிய தப்பு விடைகளை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். வெப்பவியல் பக்கங்கள் மழையில் நனைந்து மை பரவிக் கிடக்கின்றன, மற்றவை வாசிக்கலாம். திங்கட்கிழமை கயலுக்குப் பார்சல் போடுகிறேன். பின்பாதி காலியாகத்தான் இருக்கிறது, அவள் எழுதட்டும்.

மதினியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு வந்தால் நாலு நாளாவது தங்குகிற மாதிரி வா.

உன்,
கோமதிநாயகம்