தீட்சிதரின் காது பழகிய விதம்

அன்புள்ள நண்பருக்கு,

நலம். பேத்தி வீணை கற்கத் தொடங்கிய செய்தி மகிழ்ச்சி தந்தது. வீட்டில் கீபோர்டு எடுத்துக் கேட்ட மெட்டையெல்லாம் வாசிக்கிறாளே, கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைத்து ஒலிப்பது) கெட்டுப்போகாதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் இளமைக் காலத்தைப் படித்துவருவதால் எனக்கு அந்தக் கவலை எழவில்லை.

1775இல் திருவாரூரில் பிறந்த அவருக்குத் தந்தை ராமசுவாமி தீட்சிதரே குரு. ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவரான அவர் இசை இலக்கண நூலாசிரியர் வேங்கடமகியின் சம்பிரதாயத்தில் வந்தவர் என்பதால், பையனுக்குப் பாட்டு, வீணை, லட்சணம் என்னும் இசை இலக்கணம், சமஸ்கிருதம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தே கிடைத்தன.

பின்னர் குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தது. ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகள் அங்கேதான் அவர் காதில் விழுந்தன. தம்பி பாலுசாமி வயலினே கற்றுக்கொண்டார். அம்மெட்டுகளுக்கு இவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், அமைத்தவையே நோட்டு ஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டிலேயே நடக்கிறது. இவற்றைச் சிறுபிள்ளைச் சமாசாரம் என்று ஒதுக்குவோர் உண்டு, நான் ஒப்பமாட்டேன். கமகம் என்ற போர்வை இல்லாமல் நேராக நிற்கும் ஸ்வரத்தில், குறில் நெடில் பிசகாமல் சொல்லை உட்காரவைப்பது லேசான காரியமன்று.

பிறகு சிதம்பரநாத யோகியுடன் காசிவாசம். அங்கே கேட்ட இந்துஸ்தானி இசையின் சாயலைத் துவிஜாவந்தி ராகத்தில் அமைந்த 'சேதஸ்ரீ'யில் இன்றும் கேட்கலாம்.

இத்தனையும் கேட்டுத் திரும்பியவர், திருத்தணியில் பாடிய முதல் கீர்த்தனையான 'ஸ்ரீநாதாதி'க்கு எடுத்துக்கொண்ட ராகம் மாயாமாளவகௌளை, அதாவது உங்கள் பேத்தி முதல் பயிற்சியான சரளி வரிசையை வாசிக்கும் அதே ராகம். பல்லவியின் தொடக்கமே ராகத்தின் ஸ்வரங்களில் வரிசையாக, ஆரோகணமாக ஏறி அவரோகணமாக இறங்குகிறது. அங்கே முருகன் அவர் வாயில் கல்கண்டு போட்டதும் பாட்டுப் பிறந்தது என்று சொல்லும் கதையைவிட இதுவே எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆகவே கீபோர்டைப் பூட்டிவைக்க வேண்டாம். வீணைச் சாதகம் முதலில் முடியட்டும், அவ்வளவே. வரிசைகள் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) தடையின்றி வந்ததும் சொல்லுங்கள், 'ஸ்ரீநாதாதி'யின் நல்ல ஒலிப்பதிவொன்றை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்